நூற்றுக்கு ஒன்றரை

எனக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகிறது, ஐயா. இன்னும் ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி தேடுவதில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நாளைக்கு யாராவது எனக்காகப் பரிந்துகொண்டு வந்து, பாவம், வயசான அம்மா, எண்ணைத் தப்பாகப் படித்திருப்பார் என்று சொல்லிவிடக் கூடாது. எண்ணை நான் சரியாகத்தான் படித்தேன். இருபத்தாறு வருட வேலையில் ஓர் எண்ணைக்கூட நான் தப்பாகப் படித்தது கிடையாது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். நடுவில் புரியாவிட்டால் நிறுத்திக் கேளுங்கள், எனக்கு அவசரம் இல்லை.

நான் வேலை பார்த்தது கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில். செங்கல்லை உடைத்துப் பார்ப்பவர்களும் கம்பியை இழுத்துப் பார்ப்பவர்களும் கீழ்த்தளத்தில். மாடியில் கடைசி அறை என்னுடையது. கண்ணாடி, திரைச்சீலை, கூரைத் தகடு இவற்றின் வழியாக வெயில் எவ்வளவு உள்ளே வரும் என்று அளந்து, சான்றுப் பத்திரம் எழுதிக் கொடுப்பேன். அதற்காக ஜன்னலுக்கெல்லாம் கறுப்பு அடித்துவிட்டார்கள். வெளிச்சத்தை அளக்கிறவளை இருட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கீழே இருப்பவர்கள் கேலி செய்வார்கள்.

எங்கள் கூடத்தின் தலைவரைத் தசமம் என்பார்கள். முகத்துக்கு நேரே அல்ல. புள்ளிக்குப் பிறகு ஓர் எண் விட்டுப்போனாலும் தாளைத் திருப்பி அனுப்புவார், அதனால் அந்தப் பெயர். கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். யார் முகமாவது வாடியிருந்தால், கேட்பதற்கு முன்னாலேயே "வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்பார். ஆனால் ஒருமுறை சொன்னதை மாற்றிச் சொல்ல மட்டும் அவருக்கு நா எழாது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்றுதான்.

அளக்கிற விதத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி விளங்கும். உள்ளே வெள்ளை பூசிய ஓர் உருண்டை இருக்கிறது. அதற்கு ஒரு வாய். வாயில் கண்ணாடியை வைத்து வெளியிலிருந்து விளக்கை அடித்தால், கண்ணாடியைத் தாண்டி உருண்டைக்குள் போன வெளிச்சம் எவ்வளவு என்று எந்திரம் காட்டும். தெளிந்த கண்ணாடிக்கு இதில் ஒரு குறையும் இல்லை. பால் போல வெளுத்த தகடு என்றால் கதை வேறு. அதற்குள் போன வெளிச்சம் நேரே வராது. துணியில் சொட்டிய எண்ணெய் போல நாலாபக்கமும் பரவி, எங்கேயோ தள்ளிப் போய் வெளியே வரும். தகடு தடிக்கத் தடிக்கப் பரவலும் கூடும். உருண்டையின் வாயோ இரண்டு விரல் அகலம். அண்டாத் தண்ணீரைப் பாட்டிலில் கவிழ்த்தால் பாட்டிலில் எவ்வளவு நிற்கும்? சிந்தியது எந்திரத்துக்குத் தெரியாது. அதனால் பால் தகடுகளுக்கு அது காட்டும் எண், உண்மையைவிட எப்போதும் குறைவு.

இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல வரவில்லை. இந்தத் தொழிலில் விவரம் தெரிந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் கூடத்தில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு கூரைத் தகடு வந்தது. வெயிலில் நூற்றுக்கு முப்பத்தொன்று உள்ளே விடும் என்றது எந்திரம். எனக்கு மனசு ஒப்பவில்லை. பாத்திரக் கடையில் இரண்டு பெரிய அலுமினிய அண்டா வாங்கி, வாயோடு வாய் பொருத்தி, உள்ளே வெள்ளை அடித்து, ஒரு பக்கத்தில் அகலமாக வாய் வெட்டினேன். விளக்கொளியை விரல் நுனி அளவுக்குச் சுருக்கினேன். இப்போது தகட்டுக்குள் வெளிச்சம் எவ்வளவு பரவினாலும் சிந்தாமல் உள்ளே விழும். அதில் அளந்தால் நாற்பத்தாறு வந்தது. கீழ்த்தளத்துக்காரர்கள் என் அண்டா உருண்டைக்குப் பூசணிக்காய் என்று பெயர் வைத்தார்கள். பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

இரண்டு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதித் தலைவரிடம் கொண்டுபோனேன்.

"சார், அந்தக் கூரைத் தகட்டுக்கு இந்த எண்ணைப் போட்டு அனுப்ப வேணாம். ரொம்பக் கம்மியா காட்டுது. ஏன்னு எழுதியிருக்கேன்."

"பூசணிக்காய்ல அளந்தீங்களா?"

"ஆமா சார்."

அவர் சிரிக்கவில்லை. தாளை முழுதாகப் படித்தார். புரிந்துகொண்டார் என்பது எனக்குத் தெரிந்தது. பிறகு சொன்னார். "பத்து வருஷமா இந்த எந்திரத்துலதான் அளந்து குடுத்திருக்கோம்மா. இப்ப இது தப்புன்னா அந்தப் பத்து வருஷமும் தப்புன்னு ஆயிடும். எந்திரம் காட்டினத எழுதுங்க. இத நான் அப்புறம் பாக்கறேன்."

தாளை இழுப்பறைக்குள் வைத்தார். நான் முப்பத்தொன்று என்று எழுதி, அளந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவர் போட்டார்.

அந்தக் கூரை போன இடம் ஒரு துணி வெட்டும் கூடம். என் அண்ணன் அங்கே மேற்பார்வையாளர். எனக்கு அது முதலில் தெரியாது. ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், "புதுக் கூரை போட்டிருக்காங்கம்மா, பகல்ல விளக்கே வேணாம், பால் ஊத்தின மாதிரி இருக்கு" என்றார். நான் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பால் என்ற சொல்லில் என் கை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தத் துணிக் கூடத்தைக் குளிர வைக்கும் ஏற்பாட்டை முப்பத்தொன்று என்ற எண்ணை வைத்துத்தான் போட்டிருந்தார்கள். கோடை உச்சத்தில் ஒரு பிற்பகல், மூன்று மணிக்கு, வெட்டு மேசையில் வரிசையாக ஆட்கள் சரிந்தார்கள். அண்ணன் இரண்டு பேரைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு மூன்றாவது ஆளுக்காக உள்ளே போனார். மற்றவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். அண்ணன் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் இருந்து போய்விட்டார்.

விசாரணை நடந்தது. கூரை சரி, பத்திரம் சரி, மேற்பார்வையாளர் நேரத்தில் காற்றாடிகளைப் போடாததுதான் காரணம் என்று முடித்தார்கள். செத்தவன் வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லையே. நான் என் இரண்டு பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். தலைவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்க்காமல், "அப்படி ஒரு தாள் எனக்கு வரலீங்க" என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணி வாசலில் நின்றபடி கேட்டார். "அந்தக் கூரைய அளந்தது நீயா?"

"ஆமா அண்ணி. ஆனா நான்..."

அண்ணி கதவைச் சாத்திவிட்டார். ஓங்கிச் சாத்தவில்லை. தூங்குகிற குழந்தை இருக்கும் வீட்டில் சாத்துவது போலச் சாத்தினார். அதற்குப் பிறகு அந்த வாசலை நான் மிதிக்கவில்லை.

ஏன் வேலையை விடவில்லை என்று கேட்கிறீர்கள். விட்டால் யார் அளப்பார்கள்? அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பால் தகட்டையும் இரண்டு முறை அளந்தேன். எந்திரத்தின் எண்ணைப் பத்திரத்தில் எழுதுவேன். பூசணிக்காயின் எண்ணை என் நோட்டில் எழுதிக்கொள்வேன். தகட்டை வாங்க வருகிறவர்களிடம் படிக்கட்டுவரை கூடவே போய், "பத்திரத்துல போட்டதவிட நெறையவே உள்ள வரும், பாத்து மாட்டுங்க" என்று காதோடு சொல்லி அனுப்புவேன். நான்கு வருடத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. ஒருவரையும் விட்டதில்லை.

இப்போது தலைவரின் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்காவுக்கு ஒரு வியாதி. வெயில் பட்டால் உடம்பே உடம்பைத் தின்னத் தொடங்கிவிடும். முதலில் கன்னத்தில் சிவப்பு, பிறகு மூட்டு வீக்கம், முற்றினால் சிறுநீரகம். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் ஆகாது. வீட்டின் பின்னறையில், கறுப்புத் திரைக்குள், ஒரு மங்கலான மஞ்சள் விளக்கில் வருடக்கணக்காக இருந்தார். துணியில் பூவேலை செய்வதில் கை தேர்ந்தவர். அந்த விளக்கில் கருநீல நூலுக்கும் கறுப்பு நூலுக்கும் வித்தியாசம் தெரியாமல் அதையும் மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

என் அண்ணனை எடுத்த அன்று, உச்சி வெயிலில், குடையும் கையுறையும் முகம் மூடிய துணியுமாக அக்கா வந்தார். வரக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார், கணவரும் தடுத்திருக்கிறார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அழு தங்கச்சி, அடக்கி வைக்காத, அடக்கினா விஷமாயிடும்" என்றார். ஒரு மணி நேரம் நின்றார். அதற்காகப் பதினாறு நாள் படுக்கையில் கிடந்தார். எங்கள் கூடத்து ஆட்கள் பக்கமிருந்து வந்து என் கண்ணீரைத் துடைத்தது அவர் ஒருவர்தான். இதை நான் மறக்கவில்லை. நன்றி கெட்டவள் என்று மட்டும் என்னைப் பற்றி எழுதாதீர்கள், ஐயா.

போன வருடம் தலைவர் வீட்டுப் பக்கவாட்டில் மனைவிக்காக ஓர் அறை கட்டத் திட்டமிட்டார். சுவரும் கூரையும் பால் தகட்டால் ஆன அறை. ஒரு சாண் தடிமன். இரண்டு வெள்ளைத் தோலுக்கு நடுவில் பஞ்சு போல இழை அடைத்தது. பகல் வெளிச்சம் உள்ளே வரும், கதிர் வராது என்று விற்றவன் சொன்னான். புற ஊதா நூற்றுக்கு இரண்டைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஒரு காலையில் அந்தத் தகட்டின் துண்டைப் போர்வையில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு, தலைவரே மாடியேறி என் அறைக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

"வேற யார் கையிலயும் குடுக்க மனசு வரலம்மா. நீங்களே அளந்து சொல்லுங்க."

"எப்படி சார் அளக்கட்டும்? வழக்கம்போலவா?"

நான் கேட்டேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவர் பார்வை மேசைக்கு அடியில், துணி போட்டு மூடியிருந்த பூசணிக்காய்க்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. "அதிலும் ஒரு தடவை பாருங்க" என்று நான்கு சொல் சொல்லியிருந்தால் நான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். சொன்னால் நான்கு வருடத்துக்கு முந்தைய கூரையைப் பற்றியும் சொன்னதாகிவிடும்.

"வழக்கம்போலத்தான்" என்றார்.

எந்திரத்தில் வைத்தேன். புற ஊதா, நூற்றுக்கு ஒன்றரை. புள்ளிக்குப் பிறகு இரண்டு எண் போட்டு, பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ ஏழு வருஷமா பகலப் பாக்கலம்மா" என்றார். படிக்கட்டுவரை அவரோடு நான் போகவில்லை.

அவர் போன பிறகு துண்டைப் பூசணிக்காயில் வைத்தேன். ஐந்து புள்ளி இரண்டு. நோட்டில் தேதி போட்டு எழுதினேன். மறுபடி வைத்தேன். ஐந்து புள்ளி ஒன்று. அதையும் எழுதினேன். சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்பது அவரிடம் கற்ற பழக்கம்.

அன்று மத்தியானம் நான் யோசித்தது இவ்வளவுதான். அக்காவுக்கு ஏதாவது ஆனால் அவர் என்னைக் குற்றம் சொல்ல வேண்டும். சொல்வதென்றால், பால் தகட்டுக்கு இந்த எந்திரம் குறைத்துக் காட்டும் என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்ன கணத்தில் என் அண்ணன் சாவு அவர் தலையில் விழும். சொல்லாவிட்டால், பெண்டாட்டி எதனால் செத்தாள் என்று தெரிந்தும் தெரியாதவர் மாதிரி அந்த வீட்டில் காலம் தள்ள வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் எனக்குச் சம்மதம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது.

அறை கட்டி முடித்ததும் அக்கா ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். அப்படி ஒரு வெளிச்சத்தை நானே பார்த்ததில்லை. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாத வெளிச்சம். கையை நீட்டினால் கைக்குக் கீழே நிழல் விழாது. அக்கா நடுவில் நாற்காலி போட்டு, மடி நிறைய நூல்கண்டுகளைப் பரப்பி வைத்திருந்தார்.

"தங்கச்சி, இங்க பாரு, இது கருநீலம், இது கறுப்பு. ஏழு வருஷமா ரெண்டையும் ஒண்ணுன்னு வச்சிருந்தேன்." சிரித்தார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "இந்த வெளிச்சம் சரிதானே? ஒண்ணும் பண்ணாதே?" என்றார்.

"நானே அளந்ததுக்கா. நூத்துக்கு ஒண்ணரைதான்."

"நீ அளந்தா சரிதான்."

ஒவ்வொரு விடுமுறைக்கும் போனேன். அவரே வரச் சொன்னார். அவர் பூவேலை செய்வார், நான் நூல் கோர்த்துக் கொடுப்பேன். பழைய கதை பேசுவோம். நான் போவதில் ஒரு வஞ்சகமும் இல்லை. அவரோடு இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது மாதம் கன்னம் சிவந்தது. மூக்கின் மேலாக இரண்டு பக்கமும், வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்த மாதிரி. அந்த வாரம்தான் அக்கா கதவைச் சாத்திவிட்டு ஒரு பழைய துணிப்பையை எடுத்தார். அதற்குள்ளிருந்து இரண்டு தாள்களை எடுத்து என் கையில் வைத்தார். என் கையெழுத்து. ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி.

"அவரு அலமாரியில இருந்துச்சு தங்கச்சி. கிழிச்சுப் போடவும் மனசு வரல, வெளிய காட்டவும் தைரியம் வரல அந்த மனுஷனுக்கு. தூக்கத்துல ஒன் அண்ணன் பேரச் சொல்லிப் புலம்புவாரு. நான்தான் கேட்டுட்டே இருந்தேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓய்வு பெறுறதுக்குள்ள இதோட போயி அவரு வாயாலயே சொல்ல வைக்கிறேன். நான் சொன்னா கேப்பாரு. எனக்குக் கொஞ்சம் நாள் குடு."

இந்த இடத்தில் நீங்கள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். நீங்கள் நினைப்பதை நானும் நினைத்தேன். அந்தத் தாளை என் கண்ணால் பார்க்க வேண்டும், தலைவர் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும், அண்ணி வீட்டுக் கதவு திறக்க வேண்டும், வேறென்ன வேண்டும் என்றுதான் நான்கு வருடம் இருந்தேன். அது அன்று மடியில் வந்து விழுந்தது. "அக்கா, இந்த அறையை விட்டு எழுந்திரிங்க" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது.

ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. அவர் சொல்லிவிடுவார். கொஞ்சம் அவமானப்படுவார். நல்ல மனிதர், மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொல்லிவிட்டார் என்று நாலு பேர் பாராட்டவும் செய்வார்கள். பிறகு வீட்டுக்கு வருவார். வீட்டில் அக்கா இருப்பார். என் அண்ணி வீட்டுக்கு யார் வருவார்கள்? எனக்கு அது போதவில்லை, ஐயா. கேட்டது கிடைக்கும்போதுதான் அது போதாது என்று தெரிகிறது.

தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். "உங்க இஷ்டம்க்கா, அவசரப்படாதீங்க" என்றேன்.

மூன்றாவது மாதம் விரல் வீங்கி ஊசி பிடிக்க முடியாமல் போனது. வைத்தியர் மருந்தைக் கூட்டினார். வெளிச்சத்தைப் பற்றிச் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறார். தலைவர் பத்திரத்தைக் காட்டியிருக்கிறார். அக்காவுக்கே ஒரு தயக்கம் வந்து, கொஞ்ச நாள் பழைய அறைக்குப் போய்விடட்டுமா என்று என்னைக் கேட்டார். "மருந்து மாத்தினதாலதான் இருக்கும்க்கா. ஏழு வருஷம் கழிச்சு வந்த வெளிச்சத்த எதுக்கு விடணும்" என்றேன். அவர் நாற்காலியை இன்னும் சுவர் ஓரமாக, வெளிச்சம் அதிகம் இருக்கும் இடத்தில், இழுத்துப் போட்டுக்கொண்டார். நான்தான் பிடித்து இழுத்துக் கொடுத்தேன், அவருக்குக் கை வலி.

தலைவரும் ஒருநாள் நடைவழியில் என்னை நிறுத்தினார். "அந்த அறையில வந்து ஒரு தடவை அளந்து பாக்கலாமாம்மா?"

"தாராளமா சார். மறு அளவுக்கு ஒரு கடிதம் குடுங்க. முதல்ல அளந்தது ஏன் தப்பா இருக்கும்னு நெனக்கிறீங்கன்னு காரணம் எழுதணும். நீங்க போட்ட விதிதானே."

கையில் பேனா இருந்தது. அவர் மூளையில் ஓடியது எனக்குக் கண்ணாடி போலத் தெரிந்தது. "நாளைக்குத் தரேன்" என்றார். நாளை, மறுநாள், பத்து நாள் ஆனது. பதினோராம் நாள் கடிதமே இல்லாமல் அந்த அறைக்கு அவரே கறுப்புத் திரை போட்டார். அதற்குள் சிறுநீரகம் போய்விட்டிருந்தது. ஐந்தாவது மாத முடிவில், ஒரு காலையில், ஆஸ்பத்திரியில் அக்கா இறந்தார்.

எடுத்த அன்று நான் போனேன். வாசலோரம் ஒரு மணி நேரம் நின்றேன். நன்றாக வெயில் அடித்தது.

ஒரு வாரம் கழித்துத் தலைவர் கூடத்துக்கு வந்தார். அதே தகட்டின் மிச்சத் துண்டை, அதே போர்வையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து பூசணிக்காயை அவரே இழுத்தார், துணியை எடுத்தார், துண்டை வாயில் வைத்தார், விளக்கைச் சுருக்கினார். எல்லாம் என் இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தபடியே செய்தார். ஒரு வரி விடாமல் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது அவருக்கு. ஐந்து புள்ளி ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அலமாரியிலிருந்த என் நோட்டை எடுத்துப் புரட்டினார். நான் தடுக்கவில்லை. பத்திரம் கொடுத்த தேதியை விரலால் தேடி, இரண்டு வரியையும் படித்தார்.

"அன்னைக்கே தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும் சார்."

நோட்டை மூடிவிட்டுச் சொன்னார். "எம்மேல இருந்த கோவத்த எம்மேல காட்டியிருக்கலாமேம்மா."

"உங்க மேலதான் சார் காட்டினேன்."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியிறங்கி, நேரே இங்கே வந்திருக்கிறார். கூரையைப் பற்றியும், விசாரணையில் பொய் சொன்னதைப் பற்றியும் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தத் துணிப்பையையும் மேசைமேல் வைத்திருக்கிறார். அக்கா இல்லாமல் அவர் வாயைத் திறக்க மாட்டார் என்றுதான் நான் கணித்திருந்தேன். என் கணிப்பு பிசகியது அந்த ஓர் இடத்தில்தான்.

நேற்று அண்ணி இங்கே என்னைப் பார்க்க வந்தார். அண்ணன் மேல் குற்றமில்லை என்று பேப்பரில் வந்துவிட்டதல்லவா, கதவைத் திறந்துவிட்டேன் வா என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். அண்ணி உட்காரக்கூட இல்லை. "மூணாவது ஆளுக்காக உள்ள போனவரு அவரு" என்றார். "அவரு பேரச் சொல்லிட்டு இதப் பண்ணியிருக்க." போய்விட்டார். அண்ணி எப்போதுமே கொஞ்சம் அவசரப்பட்டுப் பேசுகிறவர். நாளாக நாளாகப் புரிந்துகொள்வார்.

நான் சொல்ல வேண்டியது முடிந்தது. எதையும் மறைக்கவில்லை. தகடு என்ன விடும் என்று தெரிந்தே எழுதினேன், தெரிந்தே அக்காவை அந்த வெளிச்சத்தில் உட்கார வைத்தேன், ஐந்து மாதம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு நான் துரோகம் செய்ததாக எழுத வேண்டாம், அது சரியாக இருக்காது. அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இந்த வெளிச்சம் சரிதானே என்று அவர் என்னை நான்கு முறை கேட்டார். கடைசி முறை ஆஸ்பத்திரிக் கட்டிலில், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இன்னும் ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.